மூலம்: காண்க வேர்

எட்டு நாற்பத்திரண்டு தாம்பரம் வண்டியில்
பெண்கள் பெட்டிக் கதவுக்கு மேலே
ஒட்டியிருந்தார்கள்:
மூலம், பௌத்திரம், ஒரே நாளில் குணம்,
கத்தியில்லை, ரத்தமில்லை.
யாரோ பேனாவால்
கடைசி 'இல்லை'யை மட்டும் அடித்திருந்தார்கள்.

நுங்கம்பாக்கத்தில் இறங்கும்வரை சிரிப்பு வாயிலேயே இருந்தது.
அன்றைக்கு எங்கள் மேசையில் அந்தச் சொல்தான்.

கலைச்சொல் குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
மூன்று பேராசிரியர்கள், எப்போதாவது ஒரு டாக்டர்,
கழுத்து திரும்பாத டேபிள் ஃபேன்,
அட்டை எழுத நான்.
ஆடி பிறந்ததிலிருந்து 'ம'வில் நிற்கிறோம்.

தெய்வசிகாமணி சாருக்குச் சந்தேகமே இல்லை.
சமன்பாட்டை நிறைவு செய்யும் எண், மூலம்.
இருபடிக்கு இரண்டு.
தன்மைக்காட்டி பூஜ்யத்துக்குக் கீழே போனால்
மெய்யான மூலம் கிடையாது,
அதற்காக யாரும் அழுவதில்லை.

ஸ்டெல்லா ராஜகனி மேடம் விடவில்லை.
வடமொழியில் அது வேர் சார், வெறும் வேர்.
என் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய்க்
கரும்பலகையில் நட்டுவிட்டீர்கள்,
எனக்கு மிச்சம் மூலிகை.

ஹபீபுல்லா சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே,
மூலக்கூறு என்கிறோம்,
அதை உடைத்தால் அணு,
அணுவை உடைத்தாலும் ஏதோ இருக்கிறது,
எந்த இடத்தில் நின்று
மூலம் என்று சொல்வது?
யாரும் பதில் சொல்லவில்லை. டீ வந்தது.

டாக்டர் கத்திப்பாராவில் மாட்டிக்கொண்டாராம்.
ஹாரன்களுக்கு நடுவே ஃபோனில் சொன்னார்:
ஆசனவாய்ச் சிரைகளின் வீக்கம், எழுதிக்கோங்கம்மா.
உடம்பின் அடிவாரம் என்பதால் அந்தப் பெயர் வந்திருக்கலாம்,
இது என் யூகம்.
யூகம் என்றும் எழுதினேன்.

தயிர்சாதத்தைத் திறந்தபோது
அயனாவரத்து வேம்புலி, வரன் பார்க்கிறவர்.
அவங்க வேணாம்னுட்டாங்கம்மா.
நட்சத்திரம்.
பையனோட அப்பாவுக்கு ஆகாதாம்,
ஏற்கெனவே ரெண்டு ஸ்டென்ட்.

ஐந்தாவது அப்பா இவர்.
ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்.
இதைக் கட்டினவனுக்கு
ஜோசியம் தெரியுமோ என்னவோ,
ஓசை தெரிந்திருக்கிறது.
நாக்கில் ஒட்டிக்கொண்டால் போதும்,
சொல்லுக்கு வேறு நிரூபணம் வேண்டாம்.

ஊறுகாய் முடிவதற்குள் பேங்க்.
மேடவாக்கத்து ஃபிளாட்டுக்கு
மூலப்பத்திரம் எங்கே மேடம்?
எழுபத்து நாலு வரை போயிருக்கிறேன், தம்பி.
அதற்குப் பின்னால் ஏரி.
தண்ணீர் யாரிடமும் கையெழுத்து வாங்கி வைக்கவில்லை.

அட்டையில் வானியல் கட்டம் மட்டும் காலி.
அதற்கு ஆள் போடவில்லை.
நானே கோட்டூர்புரத்துக் கோளரங்கத்துக்கு அடித்தேன்.
எடுத்த பையனுக்குக் குரல் உடைந்து ரொம்ப நாளாகியிருக்காது.
விருச்சிகத்தோட வால் மேடம், கொடுக்கு இருக்கிற இடம்.
கிட்டத்தட்ட அந்தத் திசையிலதான்
நம்ம பால்வெளியோட மையமும்.
மொத்தமும் அதைத்தான் சுத்துது.
தெரியுமா மேடம்?
தெரியாது, என்றேன்.
என்னிடம் யாரும் சொன்னதில்லை.

ராத்திரி திருவான்மியூர் கடற்கரை.
தெற்கே கொட்டிவாக்கத்து வெளிச்சம்,
அதற்கு மேலே ஆடி மேகம்.
தேளின் தலை தெரிந்தது, சிவப்பாக ஒரு நெஞ்சு,
வால் வரவில்லை.
சுண்டல் முடியும்வரை பார்த்தேன்.
மையத்துக்கு என் ஜாதகம் தெரியாது,
அந்த ஐந்து மாமனார்களும் தெரியாது.
பெருமை என்று சொல்ல முடியாது,
கொஞ்சம் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

மறுநாள் அட்டைகளை அடுக்கும்போதுதான் கவனித்தேன்.
மூலம்: காண்க, வேர்.
வேர்: காண்க, மூலம்.
இரண்டும் என் கையெழுத்து.
ஏதாவது ஒன்றில் பொருள் எழுதும்மா,
பிள்ளைகள் சுற்றிக்கொண்டே இருப்பார்கள் என்றார் தெய்வசிகாமணி சார்.

சரி சார் என்றேன்.
'ய' வரிசைக் கட்டைப் பிரித்தேன்.